கோளெல்லாம் அவன் கோலம்

நவக்கிரக சந்நிதியைச் சுற்றுகிறவர்கள் சுலோகம் சொல்வார்கள். நான் கிலோமீட்டர் சொல்கிறேன். சூரியனிலிருந்து புதன் 5.8 கோடி. வெள்ளி 10.8 கோடி. நாம் நிற்கிற இந்தப் பூமி 15 கோடி. செவ்வாய் 22.8 கோடி. வியாழன் 77.8 கோடி. சனி 143 கோடி. அதற்குள் ஒரு சுற்று முடிந்திருக்கும். அடுத்த சுற்றில் யுரேனஸ் 287 கோடி, நெப்டியூன் 450 கோடி. இந்த எண்கள்தான் எனக்கு நாமாவளி. ஒவ்வோர் எண்ணும் வாயில் வரும்போது, “இத்தனை தூரத்திலும் நீயே நிறைந்திருக்கிறாயே, அப்பனே!” என்று நெஞ்சு விம்முகிறது. சில நாள் கண் கரித்து, எள் விளக்குச் சுடரெல்லாம் ஒன்றோடொன்று கலங்கித் தெரியும். துடைத்துக்கொண்டு மறுபடி புதனிலிருந்து தொடங்குவேன்.

கும்பகோணத்தில் ஆறாம் வகுப்புப் பிள்ளைகளுக்குச் சமூக அறிவியல் நடத்துகிறேன். ‘பேரண்டம் மற்றும் சூரியக் குடும்பம்’ என்ற பாடத்தோடுதான் அவர்களுக்குப் புவியியல் ஆரம்பமாகும். புத்தகத்தில் அது சில பக்கங்கள். எனக்கு அது உற்சவம். சூரியனார்கோயில், திங்களூர், வைத்தீஸ்வரன்கோயில், திருவெண்காடு, ஆலங்குடி, கஞ்சனூர், திருநள்ளாறு, திருநாகேஸ்வரம், கீழப்பெரும்பள்ளம் என்று ஒன்பது கிரகங்களுக்கும் தலம் அமைந்த மண்ணில் பிறந்த பிள்ளைகள் இவர்கள். கோள்களைப் புதிதாக அறிமுகம் செய்துவைக்க வேண்டியதில்லை. நடக்கப் பழகிய நாளிலிருந்தே கும்பிட்டு வருகிறவர்கள். கும்பிட்டதன் பிரம்மாண்டத்தைக் காட்டிக் கொடுப்பது ஒன்றுதான் என் வேலை.

“டீச்சர், கோயில்ல ஒம்போது இருக்கு, புஸ்தகத்துல எட்டுதான் இருக்கு. எது சரி?” என்று வருஷத்துக்கு ஒரு பிள்ளையாவது கேட்டுவிடும். இரண்டும் சரிதான் கண்ணு என்பேன். கோயிலில் இருப்பவை, மண்ணில் நின்று அண்ணாந்து பார்த்தவர்கள் வைத்த கணக்கு. அதில் சூரியன் உண்டு, அது விண்மீன். சந்திரன் உண்டு, அது பூமியின் துணைக்கோள். ராகுவும் கேதுவும் வானில் சந்திரன் போகும் பாதை சூரியனின் பாதையை வெட்டும் இரண்டு புள்ளிகள். அந்தப் புள்ளிகளை ஒட்டி அமாவாசையோ பௌர்ணமியோ வந்தால்தான் கிரகணம் பிடிக்கும். கண்ணுக்கே தெரியாத இரண்டு புள்ளிகளுக்கும் பீடம் போட்டு, வஸ்திரம் சாத்தி, கோயில் கட்டிக் கும்பிட்ட முன்னோரை நினைத்தால் எனக்கு மெய்சிலிர்க்கிறது. யுரேனஸும் நெப்டியூனும் தொலைநோக்கி வந்த பிறகு தெரிய வந்தவை. புளூட்டோ 1930-இல் கண்டுபிடிக்கப்பட்டு ஒன்பதாவது கோளாக இருந்தது. 2006-இல் குறுங்கோள் என்று தனி வகைக்கு மாற்றப்பட்டது. பூமிக்குப் பீடம் இல்லையே என்று கேட்கிற பிள்ளையிடம், நாம் எல்லாரும் நிற்பதே அந்தப் பீடத்தில்தான் என்பேன்.

தூரத்தையும் பருமனையும் வாயால் சொன்னால் பிள்ளைகளின் மனதில் நிற்காது. அதனால் நவதானியப் பொட்டலம் ஒன்றை வாங்கி வைத்துக்கொள்வேன். பத்து லட்சம் கிலோமீட்டருக்கு ஒரு மீட்டர் என்று கணக்கு. பள்ளி வாசலில் ஒரு மீட்டர் நாற்பது சென்டிமீட்டர் அகலத்துக்குச் சாக்கட்டியால் வட்டம் போட்டால் அது சூரியன். அங்கிருந்து 58 மீட்டர் நடந்து ஒரு பச்சைப்பயறு வைத்தால் புதன். 108 மீட்டரில் நல்ல பெரிய வெள்ளைக் கொண்டைக்கடலை, வெள்ளி. 150 மீட்டரில் இன்னொரு கொண்டைக்கடலை, நம் பூமி. 228 மீட்டரில் ஒரு துவரை, செவ்வாய். புதனுக்கு உரிய தானியம் பச்சைப்பயறு, செவ்வாய்க்கு உரியது துவரை என்பது இந்த ஊர்ப் பிள்ளைகளுக்குத் தெரியும். அளவும் அப்படியே பொருந்தி வந்ததை முதன்முதலில் கணக்குப் போட்டுப் பார்த்தபோது நோட்டின் மீதே தலை வைத்துக் கும்பிட்டேன்.

பூமிக் கடலைக்குப் பக்கத்தில், ஒரு முழத்துக்கும் குறைவான தூரத்தில் ஓர் எள்ளை வைத்தால் அது நிலா. மனிதன் கால் பதித்த மிகத் தொலைவான இடம் அந்த எள்தான். அதற்குப் பிறகு நடை நீளும். வியாழனுக்குப் பெரிய தேங்காய் ஒன்றைத் தூக்கிக்கொண்டு 778 மீட்டர் போக வேண்டும். சனிக்குச் சற்றே சின்னத் தேங்காய், ஏறத்தாழ ஒன்றரைக் கிலோமீட்டர். யுரேனஸுக்கு ஓர் எலுமிச்சை, மூன்று கிலோமீட்டருக்குக் கொஞ்சம் குறைவு. நெப்டியூன் என்கிற கடைசி எலுமிச்சைக்கு நாலரைக் கிலோமீட்டர். எங்கள் பள்ளியிலிருந்து தாராசுரம் ஐராவதேஸ்வரர் கோயிலையும் தாண்டிப் போக வேண்டும். இடையில் இருப்பதெல்லாம் வெட்டவெளி. “அப்புறம் அடுத்த நட்சத்திரம் எங்க டீச்சர்?” என்று ஒரு பெண் கேட்டாள். அதே கணக்கில் 40,000 கிலோமீட்டர். இந்தப் பூமி உருண்டையை முழுசாக ஒரு பிரதட்சிணம் செய்தால் வருகிற தூரம்! அதைச் சொல்லிவிட்டு அன்று என்னால் மேலே பேச முடியவில்லை. பிள்ளைகளும் பேசவில்லை. வெட்டவெளியையே உருவமாகக் கொண்டு சிதம்பரத்தில் நிற்கிறவனை எத்தனையோ முறை தரிசித்திருக்கிறேன். அந்த வெளி என்னவென்று அன்றைக்கு அந்தத் தெருவில் நின்றபோதுதான் எனக்குள் இறங்கியது.

இப்போது கோள்கள் ஒவ்வொன்றாக. புதன் 88 நாளில் சூரியனைச் சுற்றி வந்துவிடும். போர்த்திக்கொள்ளக் காற்று இல்லாததால் பகலில் 430 டிகிரி கொதிப்பு, இரவில் பூஜ்யத்துக்குக் கீழே 180. அப்படிப்பட்ட இடத்திலும் துருவத்தில் வெயிலே படாத பள்ளங்களுக்குள் பனிக்கட்டி இருக்கிறது. சூரியனுக்கு இத்தனை அருகில் குளிர்ச்சியை ஒளித்து வைத்தவன் யார்!

வெள்ளியை விடியற்காலையிலோ அந்தியிலோ பார்த்தவர்களுக்கு அதன் அழகு தெரியும். சுக்கிரனுக்கு வெண்பட்டு சாத்துகிறோம். மேலே உள்ள கோளும் வெண்மேகம் போர்த்தித்தான் இருக்கிறது. வந்து விழும் ஒளியில் முக்கால் பங்கைத் திருப்பி அனுப்புவதால்தான் அந்தப் பளபளப்பு. உள்ளே 460 டிகிரிக்கு மேல் வெப்பம், நம் காற்றழுத்தத்தைப் போலத் தொண்ணூறு மடங்கு அழுத்தம், மேகத்தில் கந்தக அமிலம். 1982-இல் அங்கே இறங்கிய சோவியத் கலம் வெனேரா 13, இரண்டு மணி நேரத்துக்குச் சற்றுக் கூடுதலாகத்தான் தாங்கியது. வெள்ளி தன்னைத்தானே எதிர்த்திசையில் சுற்றுகிறது. அங்கே சூரியன் மேற்கே உதிக்கும். தன் அச்சில் இப்படித் திரும்பிச் சுழன்றாலும் சூரியனைச் சுற்றுவதில் அது வழி மாறுவதில்லை. எட்டுக் கோளும் ஒரே திசையில்தான் போகின்றன. அந்தத் திசை எது தெரியுமா? பூமியின் தென்துருவத்துக்கு மேலே உயரத்தில் நின்று பார்த்தால், எட்டும் வலமாகச் சுற்றுகின்றன. வலம் வருகின்றன! சுமார் 460 கோடி ஆண்டுகளாக நிற்காமல், களைக்காமல், ஒன்றையொன்று இடிக்காமல் பிரதட்சிணம் செய்துகொண்டே இருக்கின்றன. இதை அறிந்த நாள் முதல் எந்தக் கோயில் பிராகாரத்தில் நடந்தாலும் நான் தனியாக நடப்பதில்லை. வியாழன் எனக்கு முன்னே போகிறது, சனி பின்னே வருகிறது என்றே நடக்கிறேன்.

செவ்வாய் சிவந்திருப்பது அதன் மண்ணில் உள்ள இரும்பு துருப்பிடித்ததால். அங்காரகனுக்குச் செவ்வாடை சாத்தியவர்களுக்குக் கண் ஒன்றே கருவி. அங்கே ஒரு நாள் 24 மணி 39 நிமிடம், நம் நாளோடு கிட்டத்தட்ட ஒன்று. ஒலிம்பஸ் மான்ஸ் என்ற எரிமலை 20 கிலோமீட்டருக்கும் மேல் உயரம். 2013 நவம்பர் 5 அன்று ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து கிளம்பிய நம் மங்கள்யான், 2014 செப்டம்பர் 24 காலையில் முதல் முயற்சியிலேயே செவ்வாயின் சுற்றுப்பாதைக்குள் போய்ச் சேர்ந்தது. செய்தி கேட்ட கையோடு வைத்தீஸ்வரன்கோயிலுக்குப் பஸ் ஏறினேன். அங்காரகன் முன்னால் நின்றபோது வேண்டிக்கொள்ள எதுவும் தோன்றவில்லை. “எங்கள் பிள்ளைகள் உன் வாசலுக்கு வந்துவிட்டார்கள், பார்த்தாயா?” என்று மட்டும் கேட்டேன்.

சனியைப் பற்றிச் சொல்லத்தான் எனக்கு இத்தனை ஆவல். எங்கள் ஊரில் சனி என்றால் பயம். “வீட்ல ஏழரை டீச்சர், அம்மா எப்பவும் அழுவுறாங்க” என்று சொல்லிக் கண் கலங்கிய பிள்ளையைப் பார்த்திருக்கிறேன். அந்தக் குழந்தையைப் பக்கத்தில் உட்காரவைத்துக் கணக்குப் போட்டேன். சனி சூரியனை ஒருமுறை சுற்ற இருபத்தொன்பதரை ஆண்டு. ராசி பன்னிரண்டு. ஒரு ராசியைக் கடக்க ஏறத்தாழ இரண்டரை ஆண்டு. அதுதான் சனிப் பெயர்ச்சி. நம் ராசிக்கு முந்தியது, நம் ராசி, அடுத்தது என்று மூன்றைக் கடக்க ஏழரை. வியாழனுக்குப் பன்னிரண்டு ஆண்டு, அதனால் குருப் பெயர்ச்சி வருஷத்துக்கு ஒன்று. சனி நம்மைத் தேடி வரவில்லை கண்ணு. தன் பிரதட்சிணத்தை ஒழுங்காகச் செய்கிறது. நாளும் கோளும் சரியில்லை என்று அப்பர் பெருமான் கவலைப்பட்டபோது, திருமறைக்காட்டில் நின்று கோளறு பதிகம் பாடிவிட்டு மதுரைக்குக் கிளம்பியவர் நம் சம்பந்தக் குழந்தை. பயத்தினால் செய்கிற வழிபாடு எனக்கு என்றுமே ஒப்பவில்லை. பார்த்துப் பிரமித்து, உருகிச் செய்கிற வழிபாடே வழிபாடு.

அப்படிப் பார்க்கும் பாக்கியம் எனக்கு ஒரு கல்லூரி மைதானத்தில் கிடைத்தது. வான் நோக்கும் அன்பர்கள் சிலர் தொலைநோக்கி வைத்திருந்தார்கள். வரிசையில் நின்று, குனிந்து, கண்ணைப் பொருத்தினேன். முதலில் ஒன்றுமே இல்லை, இருட்டு. பக்கத்தில் நின்ற தம்பி குமிழை லேசாகத் திருகினார். கலங்கிய வெளிச்சம் ஒன்று திரண்டு, சுருங்கி, சட்டென்று தெளிந்தது. வெளிர்மஞ்சளாக ஒரு சின்ன உருண்டை. அதைச் சுற்றி, அதைத் தொடாமல், தனியாக ஒரு வளையம்! உருண்டைக்கும் வளையத்துக்கும் நடுவே கருப்பாக இடைவெளி. “ஐயோ, என் அப்பனே!” என்று வாய்விட்டுக் கூவிவிட்டேன். பார்த்துக்கொண்டிருக்கும்போதே சனி நகர்ந்து நகர்ந்து விளிம்புக்குப் போய் மறைந்தது. “அது ஓடலைங்க, நம்ம பூமிதான் சுத்துது” என்றார் தம்பி. காலுக்குக் கீழே பூமி சுழல்வதை அந்த நொடியில் உடம்பால் உணர்ந்தேன். பின்னால் நின்றவர்கள் பொறுமை இழக்கும்வரை அந்த இடத்தைவிட்டு நகர மனம் வரவில்லை. நளன் வழிபட்ட திருநள்ளாற்றில் எள் விளக்கேற்றிக் கண்ட மூர்த்தியும் இங்கே கண்ட வளையமும் ஒன்றாய்க் கலந்து, வீடு வரும்வரை அழுதுகொண்டே வந்தேன். அத்தனையும் ஆனந்தம்.

அந்த வளையத்தை 1610-இல் முதலில் கண்டவர் கலிலியோ. அவரது சிறிய கருவியில் அது கோளின் இரு பக்கமும் ஒட்டிய காதுகளாகத்தான் தெரிந்தது. வளையம்தான் என்று 1659-இல் நூலில் எழுதியவர் ஹைகன்ஸ். முக்கிய வளையங்களின் அகலம் ஒரு விளிம்பிலிருந்து மறு விளிம்பு வரை 2,70,000 கிலோமீட்டருக்கும் மேல். தடிமனோ பெரும்பாலான இடங்களில் 10 மீட்டர் அளவுதான். பெரும்பாலும் பனிக்கட்டித் துண்டுகள். தண்ணீரைவிட அடர்த்தி குறைந்த ஒரே கோள் சனி. அதன் நிலவுகளில் என்செலடஸ் என்று ஒன்று, 500 கிலோமீட்டர் விட்டம்தான். பனி ஓட்டுக்கு அடியில் கடல். தென்துருவத்துப் பிளவுகள் வழியே அந்தக் கடல் நீர் பீறிட்டுக்கொண்டே இருப்பதைக் காசினி விண்கலம் கண்டது. அந்தத் துளிகளே பனியாய் உறைந்து சனியின் வெளிவளையம் ஒன்றாகின்றன. படித்தபோது எனக்கு ஒரே ஒரு சொல்தான் வந்தது: அபிஷேகம்.

யுரேனஸை 1781-இல் ஹெர்ஷல் கண்டார். அது படுத்த வாக்கில் சுழல்வதால், துருவத்தில் 42 ஆண்டு பகல், 42 ஆண்டு இரவு. அதற்கும் வளையம் உண்டு என்று தெரிந்தது 1977 மார்ச் 10 அன்று. யுரேனஸ் ஒரு விண்மீனை மறைக்கப் போகும் தருணத்துக்காகப் பலர் காத்திருந்தார்கள். அமெரிக்க அறிஞர்கள் விமானத்தில் தொலைநோக்கி ஏற்றி இந்தியப் பெருங்கடலுக்கு மேலே பறந்தார்கள். கோள் மறைப்பதற்கு முன்பே விண்மீன் மங்கி மங்கி மீண்டது. குறுக்கே வந்தவை வளையங்கள். அந்த மங்கல் நம் ஜவ்வாது மலைக் காவலூரிலும் பட்டாச்சார்யா, குப்புசாமி என்ற இருவர் கண்ணில் அன்றே பட்டது. நெப்டியூன் 1846-இல் கணக்கில் முதலில் தோன்றி, பிறகு தொலைநோக்கியில் தோன்றியது. லெ வெரியே சொன்ன இடத்தில் பெர்லினில் கால்லே பார்த்தார், இருந்தது. அன்றிலிருந்து அது தன் ஒரு பிரதட்சிணத்தை முடித்த ஆண்டு 2011.

என் வாழ்வின் பெருந்தரிசனம் 2016 பிப்ரவரி 22, எங்கள் கும்பகோணத்து மகாமகம். குரு சிம்மத்தில், சூரியன் கும்பத்தில், பௌர்ணமி நிலவு மக நட்சத்திரத்தில் சேரும் மாசி நாள். பதினாறு மண்டபம் சூழ்ந்த குளத்தில் இருபது தீர்த்தக் கிணறுகளின் நீரும் தலையில் பட நீராடிவிட்டு வந்து, படத்தை வரைந்து பார்த்தேன். கும்பமும் சிம்மமும் வானில் நேரெதிர் ராசிகள். அப்படியானால் ஒரு பக்கம் சூரியன், மறுபக்கம் நிலவும் வியாழனும், நடுவில் பூமி, அந்தப் பூமியில் குளத்து நீரில் மூழ்கி எழும் லட்சோப லட்சம் நாம்! வியாழன் நமக்கு மிக அருகில் வந்து மிகுந்த ஒளியோடு நிற்கும் காலமே அது. 2016-இல் அந்த நேரெதிர் நிலை மார்ச் 8. மகாமகத்துக்கு இரண்டே வாரம் கழித்து. 2004-இல் மகாமகம் மார்ச் 6, நேரெதிர் நிலை மார்ச் 4. பஞ்சாங்கம் கணித்த நாளும் தொலைநோக்கிக்காரர்கள் காத்திருக்கும் நாளும் கைகோத்து வருகின்றன.

அன்று இரவு எட்டு மணிக்கு மேல் எங்கள் மொட்டைமாடியில் பழைய மாணவன் ஒருவன் தொலைநோக்கி வைத்தான். முழு நிலவுக்குக் கீழே கிழக்கில் வியாழன், சிமிட்டாமல். ஏறத்தாழ 67 கோடி கிலோமீட்டர். அந்த ஒளி நம்மிடம் வர 37 நிமிடம். நம் பூமியைப் போல 1,300-ஐ உள்ளே அடக்கும் உடம்பு. அதைப் பத்து மணி நேரத்துக்குள் ஒருமுறை சுழற்றிவிடும் வேகம். குறுக்கே இரண்டு பழுப்புப் பட்டைகள் தெரிந்தன. பக்கத்தில் ஒரே கோட்டில் ஒளிப்பொட்டுகளாக நிலவுகள், கலிலியோ 1610 ஜனவரியில் கண்ட அதே நிலவுகள். எதிர்வீட்டுப் பாட்டியைக் கைத்தாங்கலாக மாடியேற்றிக் கூட்டி வந்தோம். காலையில் தீர்த்தமாடியவர். கண்ணைப் பொருத்தி வெகுநேரம் அசையாமல் நின்றார். பிறகு கன்னத்தில் போட்டுக்கொண்டு, “ஆலங்குடியில மஞ்சத்துணி சாத்தி, கொண்டக்கடல மாலை போட்டு எத்தன வியாழக்கிழமை கும்பிட்டிருப்பேன். இன்னிக்கில்லடி அவர நேர்ல பாத்தேன்!” என்றார். நாங்கள் இருவரும் கட்டிக்கொண்டு அழுதோம். பையன் அழுதானா என்று பார்க்கவில்லை. குழாயைத் திருப்பிக்கொண்டே இருந்தான்.

2028 மாசியில் குரு மறுபடி சிம்மத்துக்கு வருகிறார், மகாமகமும் வருகிறது. குளத்தில் நீராடியதோடு ஊர் திரும்பிவிடாதீர்கள். இரவு எட்டு மணிக்கு மேல் வீட்டுப் பிள்ளைகளையும் பெரியவர்களையும் கூட்டிக்கொண்டு மாடிக்குப் போய்க் கிழக்கே பாருங்கள். பைனாகுலர் ஒன்று கிடைத்தால் வியாழனின் நிலவுகளும் தெரியும்; கை ஆடாமல் இருக்கக் கைப்பிடிச்சுவரில் முட்டு கொடுத்துக்கொள்ளுங்கள்.